ஆண்டிபட்டி தொகுதி: கேட்டவர்களுக்குப் பதில்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். 2021 தேர்தல் வரைக்கும்தான் என் கணக்கு.

அண்ணே, ஆண்டிபட்டியில் யார் நின்றாலும் முதல்வர் ஆகிவிடுவார் என்று எங்கள் தாத்தா சொல்வார். நிஜமா?

தாத்தா ஒருவரை மறந்துவிட்டார். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பேர் இங்கே நின்றிருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். 1984இல் ஜெயித்தார். ஜெயலலிதா 2002, 2006 இரண்டிலும் ஜெயித்தார். 1988 ஜனவரியில் மூன்று வாரம் போல முதல்வராக இருந்த ஜானகி அம்மையார் 1989இல் நின்று தோற்றார். ஜெயித்தவர் தி.மு.க.வின் ஆசையன், அதே வட்டாரத்து ஆள்.

எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. இரண்டாக உடைந்ததால் அந்தத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஓட்டு பிரிந்தது உண்மைதான். ஆனால், கணவர் எம்.ஜி.ஆர். மறைந்து 13 மாதம்கூட முழுசாக ஆகவில்லை, நின்றதும் அவருடைய கடைசித் தொகுதியிலேயே; அப்படியும் அனுதாபம் கரை சேர்க்கவில்லை. பெரிய பெயரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு குத்தும் ஊர் என்று பேசுகிறவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது 1989ஐத்தான். அதோடு ஜானகி அரசியலை விட்டே ஒதுங்கினார், அணிகள் இணைந்தன, இலையும் திரும்பக் கிடைத்தது.

எம்.ஜி.ஆர். ஊர்ப் பக்கமே வராமல் ஜெயித்தது எப்படி? சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா ஐயா?

கொடுக்கிறது. வேட்புமனுவை வேட்பாளரே கொண்டுவர வேண்டும் என்று இல்லை, முன்மொழிபவர் தாக்கல் செய்தாலும் செல்லும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம்.

1984 அக்டோபர் 5 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நவம்பரில் நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். இடையில், அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொலை. நாடாளுமன்றத்தோடு சேர்த்துச் சட்டமன்றத்துக்கும் தேர்தல் வந்தது, டிசம்பர் 24. (மூன்று வருடம் கழித்து அதே தேதியில்தான் எம்.ஜி.ஆர். இறந்தார்.) அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். டெலிவிஷன் பெட்டியே அபூர்வமாக இருந்த காலம் அது. மக்கள் எப்படி முண்டியடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் திரும்பியது 1985 பிப்ரவரி 4. பதவியேற்றது பிப்ரவரி 10.

இன்னொன்று. எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கிய பிறகு பொதுத்தேர்தலுக்குப் பொதுத்தேர்தல் தொகுதி மாற்றிய ஆள். 1977இல் அருப்புக்கோட்டை, 1980இல் மதுரை மேற்கு, 1984இல் ஆண்டிபட்டி. உடம்பு நன்றாக இருந்திருந்தால் 1989இல் எங்களிடம் திரும்பி வந்திருப்பாரா என்பதே சந்தேகம்தான்.

அவருக்கு முன்பே சினிமாக்காரர் ஒருவர் எம்.எல்.ஏ.வாக இருந்தாராமே?

எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1980இல், அ.தி.மு.க. சார்பில். 1962இலேயே தேனியில் தி.மு.க. வேட்பாளராக வென்றவர், இந்தியாவில் தேர்தலில் ஜெயித்து சட்டமன்றம் போன முதல் நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் அவரை வெளியூர்க்காரர் என்று சொல்ல முடியாது. சேடபட்டிக்காரர், பக்கத்து மண்.

2001இல் ஜெயலலிதா ஆண்டிபட்டியில் மனு போட்டு, அது தள்ளுபடி ஆனதாகப் படித்தேன். அப்படியானால் 2002இல் எப்படி வந்தார்?

2001இல் நான்கு இடத்தில் மனு போட்டார்: ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை. நான்கும் தள்ளுபடி. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கியது பற்றிய வழக்குகளில் பெற்ற தண்டனையும், இரண்டு தொகுதிக்கு மேல் மனு போட்டதும் காரணங்கள். கட்சி ஜெயித்தது. எம்.எல்.ஏ. ஆகாமலே மே 14 அன்று முதல்வரானார். ஆறு மாதத்துக்குள் உறுப்பினர் ஆகிவிட்டால் போதும் என்ற அரசியல் சட்டப் பிரிவைக் காட்டினார்கள். தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21இல் சொல்லிவிட்டது. ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். அவர் அப்போது பக்கத்துப் பெரியகுளத்து எம்.எல்.ஏ.

டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. ஆண்டிபட்டியில் ஜெயித்திருந்த தங்க.தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்து இடம் கொடுத்தார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் தி.மு.க.வின் வைகை சேகரைத் தோற்கடித்து, மார்ச் 2 அன்று ஜெயலலிதா திரும்பவும் முதல்வர்.

2006இல் சீமான் அங்கே போட்டியிட்டாரா?

சீமான் என்று ஒருவர் தி.மு.க. சார்பில் நின்றார். நீங்கள் நினைக்கிற நாம் தமிழர் கட்சிச் சீமான் இல்லை.

முதல்வர் தொகுதி என்ற பெயரைத் தவிர ஊருக்கு என்ன கிடைத்தது?

நியாயமான கேள்வி. தேனி அரசு மருத்துவக் கல்லூரி, பெயரில்தான் தேனி. இருப்பது ஆண்டிபட்டிப் பக்கம் க.விலக்கில். 2004இல் வந்தது, ஜெயலலிதா இங்கே எம்.எல்.ஏ.வாக இருந்தபோது. முதல்வர் தொகுதிக்கு அதிகாரிகள் அடிக்கடி வருவார்கள், கோப்பும் வேகமாக நகரும். ஆனால் மனு கொடுக்க எம்.எல்.ஏ.வை நேரில் பிடிக்க முடியாது. கட்சி நிர்வாகிகள்தான் எம்.எல்.ஏ. மாதிரி. அப்புறம், வைகை அணை எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது, 1959இலிருந்து. தண்ணீர் மதுரைக்கும் அதற்குக் கீழேயும் போகிறது. மூல வைகை பிறக்கிற வருசநாட்டுக்காரரிடம் இதைப் பேசிப்பாருங்கள், ஒரு மணி நேரம் விடமாட்டார்.

தம்பி, இடையில் ரொம்ப நாள் எம்.எல்.ஏ.வே இல்லாமல் கிடந்ததே, அது ஏன்?

2011, 2016 இரண்டிலும் தங்க.தமிழ்ச்செல்வனே ஜெயித்தார். எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த டி.டி.வி.தினகரன் அணியினரில் இவரும் ஒருவர். 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். இடைத்தேர்தல் அறிவிக்க உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25இல் நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில், முடிவு மே 23இல். கூட்டிப்பாருங்கள், 20 மாதம். காலி இடத்தை ஆறு மாதத்தில் நிரப்ப வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தலைவிக்காக ஒருமுறை பதவியை விட்டுக்கொடுத்தவர், அவர் மறைந்த பிறகு அதே பதவியை இப்படி இழந்தார். பிறகு தி.மு.க.வில் சேர்ந்து 2024இல் தேனி எம்.பி. ஆனார். தோற்கடித்தது அதே தினகரனை. இதைச் சினிமாவில் வைத்தால் நம்பமாட்டார்கள்.

அண்ணனும் தம்பியும் மோதிய தேர்தல் எது?

அந்த 2019 இடைத்தேர்தல்தான். தி.மு.க.வின் மகாராஜன், அ.தி.மு.க.வின் லோகிராஜன், கூடப்பிறந்தவர்கள். மகாராஜன் ஜெயித்தார். 2021இல் திரும்பவும் அதே ஜோடி, அதே முடிவு.

தொகுதி மறுவரையறையில் என்ன மாறியது?

2008 மறுவரையறையில் தேனி என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. மாவட்டத்தில் ஐந்து நான்கானது. பெரியகுளம் தனித் தொகுதியானதால் பன்னீர்செல்வம் 2011இல் போடிக்குப் போனார். ஆண்டிபட்டி பெயர் தப்பித்தது, எண் 198.

கடைசியாக ஒன்று: ஆண்டிபட்டியா, ஆண்டிப்பட்டியா?

இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் 'ப்' போடாமலே எழுதி வளர்ந்தவன், இனிமேல் மாற்ற முடியாது.