கால் அங்குலமும் மழுங்கிய பிளேடும்: குவில்ட் கருவிகள் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை) செய்யப் புதிதாக வாங்கிய கருவி சரியாக வேலை செய்யவில்லை என்னும் முறையீடுகளே. இயந்திரம் எது, ஊசி எண் என்ன, எந்தத் துணி என்று ஒன்றையுமே குறிப்பிடாமல் காரணம் கேட்பவர்களுக்கு நான் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரோட்டரி கட்டரில் (உருளும் வட்டப் பிளேடால் துணி வெட்டும் கருவி) 45 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை வாங்குவதா, 60 வாங்குவதா? (ஈசூன்)

45. ஒரே வீச்சில் ஆறு, எட்டு அடுக்குகள் வெட்டுபவர்களுக்கு 60, சிறிய வளைவுகளுக்கு 28. எதை வாங்கினாலும், கையிலிருந்து கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடுங்கள்.

கட்டர் ஆங்காங்கே வெட்டாமல் நூலை விட்டுவிடுகிறது. துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டை மாற்ற வேண்டுமா? (உட்லண்ட்ஸ்)

எந்த இடத்தில் விடுகிறது என்று பார்த்தீர்களா? 45 மில்லிமீட்டர் பிளேடு ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நகரும். வெட்டப்படாத நூல்கள் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் பிளேடின் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது. எப்போதோ குண்டூசியின்மேல் ஓட்டியிருப்பீர்கள். மேட்டில் எப்போதும் ஒரே இடத்தில்தான் விடுகிறது என்றால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். முதலாவதற்குப் புதிய பிளேடு போதும். பழைய பிளேடை அப்படியே குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். அட்டையில் வைத்து ஒட்டி, ஒரு காலி டப்பாவுக்குள் போட்டு மூடிய பிறகு எறியுங்கள். கீழே குப்பையைக் கையாளுபவருக்கும் விரல்கள் உண்டு.

காரில் வைத்திருந்த மேட் அலை அலையாக வளைந்துவிட்டது. இஸ்திரி போட்டு நிமிர்த்தலாமா? (தெம்பனிஸ்)

கூடாது, இன்னும் வளையும். சூட்டில் நெளிந்த மேட் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அடுத்ததை வெயில் படாமல் கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள்.

தனியாகக் காலங்குல ஃபுட் (கால் அங்குல ஓரம் விட்டுத் தைக்க உதவும் அழுத்துப் பாதம்) வாங்கி மாட்டியும், ஒன்பது சதுரம் இணைத்த கட்டமான பிளாக் பன்னிரண்டரை அங்குலம் வராமல் பன்னிரண்டே காலில் நிற்கிறது. ஃபுட் பழுதா? (ஜூரோங் வெஸ்ட்)

ஆண்டுதோறும் இந்தக் கடிதம் வருகிறது. ஆண்டுதோறும் பழி ஃபுட்டின்மேல்தான் விழுகிறது. கணக்கைப் பாருங்கள். நாலரை அங்குலச் சதுரங்கள் மூன்றை இணைக்க இரண்டு தையல்கள் தேவை, அவற்றில் மடிப்புக்குப் போகும் ஓரங்கள் நான்கு. கால் அங்குலம் குறைகிறது என்றால், ஓரம் ஒன்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு அதிகமாக எங்கோ போயிருக்கிறது.

நம் ஊரில் பள்ளியில் கற்றதெல்லாம் சென்டிமீட்டர். கையில் கிடைக்கும் குவில்ட் மாதிரிகளோ பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். "கிட்டத்தட்ட ஏழு" என்று நினைத்து இயந்திரத்தின் ஊசித் தட்டில் டேப் ஒட்டித் தைப்பவர்களையும், ஒரு நிறுவனத்தின் ரூலரில் சதுரங்களை வெட்டிவிட்டு இன்னொரு நிறுவனத்தின் ரூலரில் பட்டைகளை வெட்டுபவர்களையும் வகுப்பில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். ரூலர் கோட்டின் எந்தப் பக்கத்தில் துணியின் ஓரம் நிற்கிறது என்பதில்கூட அரை மில்லிமீட்டர் ஒளிந்திருக்கிறது. துணி மடியும் இடத்தில் நூலின் தடிமனும் சிறிது அளவை விழுங்கும். ஆகவே தைக்க வேண்டியது முழுக் காலங்குலத்தைவிட ஒரு நூலிழை குறைவாக.

ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, இணைத்து, அழுத்தி இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும் மொத்த அகலம் மூன்றரை அங்குலமும் இருந்தால் உங்கள் ஃபுட்டில் குறை இல்லை. நடுப்பட்டை ஒடுங்கியிருந்தால் ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தி மறுபடி தையுங்கள். ஆனால் ஃபுட்டில் ஒற்றைத் துளைதான் இருக்கிறது என்றால் ஊசியை நகர்த்தாதீர்கள், உடைந்து முகத்தில் தெறிக்கும். துணியைத்தான் சற்று உள்வாங்கிப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் நாற்பது வெள்ளிக்கு இன்னொரு ஃபுட் வாங்குவது வீண் செலவு.

அமெரிக்காவிலிருந்து தங்கை கொண்டுவந்த இயந்திரம், பிளக் அடாப்டர் மாட்டியவுடன் புகைந்தது. (பொங்கோல்)

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. மாட்டுவதற்கு முன் எழுதியிருக்கலாமே! இனி பழுதுபார்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

சூடு பட்டால் மறையும் பேனாவால் கோடு போட்டுத் தைத்த குவில்டைக் கனடாவிலுள்ள மகனுக்கு அனுப்பினேன். அங்கே கோடுகள் திரும்ப வந்துவிட்டனவாம். (அங் மோ கியோ)

அந்த மை சூட்டில் நிறம் இழக்கிறதே தவிரத் துணியை விட்டுப் போவதில்லை, உறைகுளிரில் மீண்டும் தெரியும். இங்கு குளிரே இல்லாததால் நமக்கு அது உறைப்பதில்லை. மகனை இஸ்திரி போடச் சொல்லுங்கள், இப்போதைக்கு மறையும். நீரில் கரையும் நீலப் பேனாவுக்கு விதி நேர்மாறு: முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், கோட்டின்மேல் இஸ்திரி பட்டால் கறை நிலைத்துவிடும். எந்தப் பேனாவானாலும் முதலில் வெட்டுத்துண்டில் சோதியுங்கள்.

கையால் குவில்ட் செய்ய எந்த எண் ஊசி? இத்தனை கருவிகளும் தேவைதானா? (பிடோக்)

பிட்வீன்ஸ் என்னும் குட்டை ஊசி வகையில் 9 அல்லது 10 போதும். எண் ஏற ஏற ஊசி குட்டையாகும். நடுவிரலுக்கு ஒரு விரலுறை. இரண்டாவது கேள்விக்கு: 1942இல் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்டுகளைத் தைத்தார்கள். இரண்டு கான்பரா போர் நினைவகத்தில் இருக்கின்றன. ரோட்டரி கட்டர் சந்தைக்கு வந்தது 1979இல்தான்.

ஊசிகள் துருப்பிடிக்கின்றன. (செங்காங்)

ஈரக்காற்றுள்ள ஊர் இது. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். துருப்பிடித்த ஊசியை வெள்ளைத் துணியில் செருகாதீர்கள். இயந்திர ஊசியை எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

தையல் பிரிக்கும் சீம் ரிப்பரில் சிவப்புக் குண்டு எதற்கு? (புக்கிட் பாத்தோக்)

நீண்ட கூர்முனை ஒற்றைத் தையலைத் தூக்கி அறுப்பதற்கு. நீளமாகப் பிரிக்கும்போது குண்டு இரு துணிகளுக்கும் நடுவில் வழுக்கிச் செல்ல வேண்டும், துணி கிழியாமல் காப்பது அதுதான். இதன் பிளேடும் மழுங்கும். தையலை அறுக்காமல் இழுக்கத் தொடங்கினால் புதியது வாங்குங்கள், நாலைந்து வெள்ளிதான். மூடியைத் தொலைக்காதீர்கள்.