750 ஆண்டு வம்சம் – கடிதம்

வணக்கம்.

வட ஜெர்மனியில் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறேன். போன மாதம் ஷ்வெரின் கோட்டைக்குப் போயிருந்தேன். முகப்பில் உயரத்தில் குதிரைமேல் நிக்லோட் சிலை. 1160-ல் ஜெர்மானியப் படையோடு மோதி இறந்த ஸ்லாவியத் தலைவன். அவனுடைய வாரிசுகள்தான் 1918 வரை இந்தப் பகுதியை, மெக்லன்பர்க்கை, ஆண்டார்கள் என்று தெரிந்ததும் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வம்சத்தின் குலமரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். ஷ்வெரின், ஸ்ட்ரேலிட்ஸ் இரண்டில் எது மூத்த கிளை? இந்தப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? தோற்றுப்போனவனின் வம்சம் 750 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எப்படி? மக்களின் ஆதரவு இல்லாமல் இது முடிந்திருக்குமா?

– ரோஸ்டாக்கிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் போய், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஊரின் பழைய கதைக்குள் இறங்கியிருக்கிறீர்கள். அந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சில வாரங்களாக நான் மெக்லன்பர்க் எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் ராய்ட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வி நேராக அங்கே வந்து இடித்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பெயர்களை உங்கள் காதில் விழுகிறபடி எழுதுங்கள், கடைசிவரை ஒரே மாதிரி எழுதினால் போதும். மூத்த கிளை ஷ்வெரின்தான். 1695-ல் க்யூஸ்ட்ரோ என்ற இன்னொரு கிளை வாரிசில்லாமல் போனபோது பங்காளிச் சண்டை வந்தது. 1701-ல் ஹாம்பர்க்கில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். பெரும்பகுதி ஷ்வெரினுக்கு. ஸ்டார்கார்ட், ராட்ஸபுர்க் பகுதிகள் ஸ்ட்ரேலிட்ஸுக்கு. அந்தச் சின்னக் கிளையில் பிறந்த சார்லட் பிறகு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனைவியானார். இதெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும், விடுங்கள்.

வம்சம் எப்படித் தப்பியது என்பதற்கு வருகிறேன். நிக்லோட்டை வீழ்த்தியது ஜெர்மானிய நாடான சாக்சனியின் டியூக் (சிற்றரசர்) ஹைன்ரிஷ், சிங்கம் என்று பட்டப்பெயர் பெற்றவர். நிக்லோட்டின் மகன் வெர்ட்டிஸ்லாவைச் சிறைபிடித்து 1164-ல் மால்ஹோவ் அருகே தூக்கிலிட்டதும் அதே ஹைன்ரிஷ். இன்னொரு மகன் ப்ரிபிஸ்லாவ் 1167-ல் அவர் கையிலிருந்தே நாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஞானஸ்நானம் பெற்று, டோபரான் மடத்துக்கு அடிபோட்டான். அவன் மகன் போர்வின், ஹைன்ரிஷுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகளையே மணந்தான். தகப்பனைக் கொன்றவன் சம்பந்தி ஆனான்! அதற்குப் பின் ஜெர்மானியக் குடியேறிகள் வந்தார்கள், சில தலைமுறைகளில் பழைய ஸ்லாவிய மொழி அடங்கிவிட்டது. குடும்பம் மட்டும் ஆட்சியில் இருந்தது. நீங்கள் சிலிர்த்த கதையின் முதல் அத்தியாயம் இதுதான்.

ஆனால் "மக்களின் ஆதரவு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரம்மா உங்களுக்குச் சொன்னது? குலமரத்தில் எந்தக் கிளையில் மக்கள் இருக்கிறார்கள்? ஆட்சி நீண்டிருந்தால் அது நல்லாட்சியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைப்பது சோம்பேறித்தனம். படித்த பிள்ளை இப்படி எழுதக்கூடாது.

மெக்லன்பர்க் டியூக்குகள் நீடித்ததற்குக் காரணம் அவர்களுடைய பலவீனம். நாட்டை நடத்தியவர்கள் நிலப்பிரபுக்கள். மால்ட்சான், ப்யூலோ, ப்ளெஸ்ஸன், பாஸவிட்ஸ் போன்ற குடும்பங்கள். 1523-லேயே அவர்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்து ஒன்றானார்கள். அதன்பின் டியூக் குடும்பம் எத்தனை முறை நாட்டைக் கூறுபோட்டாலும் பிரபுக்களின் சபையைப் பிரிக்க முடியவில்லை. 1701-க்குப் பிறகு இரண்டு டியூக்குகள், இரண்டு அரண்மனைகள். சபை மட்டும் ஒன்றே. ஒருமுறை ஸ்டெர்ன்பெர்கில், அடுத்தமுறை மால்ஷினில் என்று மாறி மாறிக் கூடியது. நீங்கள் வரையும் மரத்தில் இது எங்கேயும் வராது. அதனால்தான் சொல்கிறேன், அந்த மரத்தை வைத்துக்கொண்டு மெக்லன்பர்க்கைப் புரிந்துகொள்ள முடியாது.

எதிர்த்துப் பார்த்த ஒரு டியூக் இருந்தார், கார்ல் லியோபோல்ட். ரஷ்யாவின் பீட்டர் மன்னருடைய அண்ணன் மகளை 1716-ல் மணந்து, ரஷ்யப் படையை வைத்துப் பிரபுக்களை அடக்கப் பார்த்தார். பிரபுக்கள் ஜெர்மானியப் பேரரசரிடம் போய் முறையிட்டார்கள். அவர் ஆணைப்படி 1719-ல் ஹனோவர் படை உள்ளே வந்தது. பிறகு அதிகாரம் அவர் கையைவிட்டுத் தம்பி கிறிஸ்டியான் லுட்விகுக்குப் போனது. அந்தத் தம்பிதான் டியூக்கான பிறகு 1755-ல் ரோஸ்டாக்கில், நீங்கள் இப்போது நடமாடும் அதே ஊரில், பிரபுக்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். 500-க்கும் மேற்பட்ட பிரிவுகள். பிரபுக்களின் பழைய உரிமைகள் எல்லாம் அதில் உறுதியாயின. அவர்களுடைய பண்ணைக் குடியானவர்களும் அவர்கள் கைக்கே விடப்பட்டார்கள். அந்த ஒப்பந்தம்தான் 1918 வரை நாட்டின் அடிப்படைச் சட்டம். வம்சத்துக்கு நாற்காலி நிலைத்தது, அதற்கான விலையைக் கொடுத்தவன் குடியானவன்.

1654-லேயே சட்டம் அவனைப் பண்ணையோடு கட்டிவிட்டிருந்தது. ஆண்டையைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போகமுடியாது, கல்யாணம் செய்யமுடியாது. அவன் உழுத நிலத்தை எந்நேரமும் பிடுங்கிப் பண்ணையோடு சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கிராமம் கிராமமாக அழிந்தது.

நான் அந்தப் பக்கம் போனபோது கோட்டையில் முன்னோர் படக் கூடத்தைப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. மனதில் நின்றது வேறொன்று. ஒரு கிராமத்தில் மாளிகைக்குப் போகும் லிண்டன் மரச் சாலையின் ஓரத்தில் கூலிக்காரர்களின் வீடு. ஒரே நீளக் கூரை, செங்கல் சுவர், வரிசையாக நான்கு கதவுகள். கதவுக்கு ஒரு குடும்பம். வாசற்படியின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. வீட்டுக்காரன் பண்ணையில் உழைத்தால் மட்டும் போதாது, இன்னொரு ஆளையும் வீட்டோடு வைத்துச் சோறுபோட்டுப் பண்ணை வேலைக்கு அனுப்பவேண்டும். ஹோஃப்கெங்கர் என்று அவனுக்குப் பெயர். சொந்தப் பிள்ளை வளர்ந்திருந்தால் அவனே அந்த ஆள். அந்த ஊர்த் தேவாலயத்தில் பிரபு குடும்பத்துக்கென்று உயரமான தனி மாடம், கண்ணாடிச் சன்னல், குலச்சின்னம், உள்ளே வரத் தனிக் கதவு. கீழே சாதாரண மரப்பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு நிக்லோட் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் பெயர் ஒன்றாவது தெரியவேண்டும் என்றுதான் தோன்றியது.

1820-ல் பண்ணையடிமை முறையை ஒழித்தார்களே என்பீர்கள். ஒழித்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. கல்யாணம் செய்ய ஒருவனுக்குக் குடியிருப்பு உரிமை வேண்டும், அதைக் கொடுப்பது பண்ணைக்காரரின் இஷ்டம். கொடுத்தால் அவன் கிழவனானபின் சோறுபோடும் பொறுப்பு பண்ணைமேல் விழும். அதனால் மறுத்தார்கள். ராய்ட்டர் 1857-ல் எழுதிய 'கைன் ஹ்யூசுங்' என்ற நெடுங்கவிதை இந்தக் கொடுமையைப் பற்றியதுதான். குடியிருக்க இடம் மறுக்கப்பட்ட பண்ணையாள் ஆண்டையைக் கொன்றுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடுகிறான். கொல்லாதவர்களும் ஓடினார்கள், கப்பல் கப்பலாக.

சரி, நீங்கள் பார்த்த சிலைக்கு வருகிறேன். அந்தக் கோட்டை இன்றைய உருவத்தில் கட்டப்பட்டது 1845-லிருந்து 1857 வரை. நடுவே 1848-ல் புரட்சி வந்தது. 1849-ல் ஷ்வெரினுக்கு ஓர் அரசியல் சட்டமும் வந்தது. பிரபுக்களும் ஸ்ட்ரேலிட்ஸ் டியூக்கும் வழக்குப்போட்டு 1850-ல் அதை ரத்து செய்யவைத்தார்கள். ஜனநாயகத்தின் பக்கம் நின்றதற்காகக் கோட்டையின் கட்டடக் கலைஞர் டெம்லரே 1851-ல் வேலையை இழந்தார். பாதியில் நின்ற வேலையை இன்னொருவர் முடித்தார். குடிமக்களின் உரிமை பறிபோன அதே ஆண்டுகளில்தான் ஆதி முன்னோரைக் குதிரையில் ஏற்றி முகப்பில் வைத்தார்கள். உங்களுக்குச் சிலிர்க்கவேண்டும் என்று வைத்ததுதான் அம்மா அது!

குலமரத்தைக் கிழித்துப் போடாதீர்கள், உழைத்து வரைந்திருக்கிறீர்கள். 1918 பிப்ரவரியில் ஸ்ட்ரேலிட்ஸின் கடைசி ஆட்சியாளர் ஆறாம் அடால்ஃப் ஃப்ரீட்ரிஷ் தற்கொலை செய்துகொண்டார், நவம்பரில் ஷ்வெரினின் நான்காம் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரான்ஸ் முடி துறந்தார் என்று எழுதி முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். மெக்லன்பர்க்-ஷ்வெரினில் 1819-ல் ஒரு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள், பண்ணையடிமை முறையை ஒழிப்பதற்குச் சில மாதங்கள் முன்னால். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில் என்று ஆள் ஆளாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பகுதி இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஏதாவது ஒரு பண்ணைக் கிராமத்தின் பக்கங்களை எடுத்து, கூலிக்காரர் ஒருவரையும் அவர் வீட்டில் இருந்தவர்களையும் முழுதாகப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.