படுவான்கரை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் படுவான்கரைப் பக்கம், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. வளாகத்தில் முதலாம் வருடம் புவியியல் படிக்கிறேன். பிரதேசம் மூன்று வகை என்று குறிப்பில் இருக்கிறது: சீர்மைப் பிரதேசம், தொழிற்பாட்டுப் பிரதேசம், புலக்காட்சிப் பிரதேசம். மூன்றாவது மக்கள் மனதில் மட்டும் இருப்பது, அதற்குத் திட்டமான எல்லை கிடையாது என்றார்கள். உதாரணமாகப் படுவான்கரையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தோழி, "அப்ப உங்கட ஊர் கற்பனையா?" என்று சிரித்துவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மனதில் மட்டும் இருப்பதை எதற்குப் படிக்க வேண்டும்?

வாசகி, மட்டக்களப்பு

மகள்,

மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தரையில் காட்டச் சொல்லுங்கள் தோழியிடம். துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம், பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. அந்த எல்லையையும் யாரோ மனதில் நினைத்துத்தான் வரைந்தார்கள். கச்சேரி (மாவட்டச் செயலகம்) முத்திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் உதாரணம் நல்ல உதாரணம். மூன்றாவது பெட்டியில் மட்டும் போட்டதுதான் குறை. வாவிக்கு மேற்கே வயல், குளம், மாடு; கிழக்கே மணல், தென்னை, கடல், நெருக்கமான வீடுகள். ஒரு கரை முழுக்க ஒரே மாதிரி இருப்பதை வைத்துப் பார்த்தால் அது சீர்மைப் பிரதேசம். ஒரு மையத்தை நோக்கி ஆட்களும் சாமானும் போய்வருவதை வைத்துப் பார்த்தால் தொழிற்பாட்டுப் பிரதேசம்.

இதற்குப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே 'பாதை' என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. துறையில் நின்று "பாதை வந்திட்டா?" என்று கேட்போம்.) சின்ன வயதில் கிழக்குக் கரையில் குருமண்வெளித் துறையில் பார்த்திருக்கிறேன். மண்டூர்ப் பக்கமிருந்து தயிர்க்காரர் சைக்கிளோடு வருவார். கச்சான் காற்று அடித்தால் ஒரு கை பிரேக்கில், மறு கை சட்டிகளின் மேல். எங்கள் ஆட்கள் எதிர்ப்பக்கம் போவார்கள், வேளாண்மை பார்க்க. வயல் அந்தக் கரையில், வளவு இந்தக் கரையில். பின்னேரம் கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அன்றிரவு வாடியில்தான் படுக்கை. களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு அக்கரையிலிருந்து யார் யார் வரலாம் என்பதும் அந்தப் பாதையின் கையில்தான் இருந்தது.

2014இல் மண்முனையில் வாவிக்கு மேலே பாலம் திறந்தார்கள். நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை, ஆனால் உங்கள் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை கிட்ட வந்துவிட்டது. தனித் தூரம் (அளந்த தூரம்), சார்புத் தூரம் (போய்வர எடுக்கும் நேரமும் செலவும்) என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அது இதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனதில் இருக்கும் பிரதேசத்தைப் படித்தால், பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்பது பிடிபடும். படுவான் என்றால் பொழுது படும் திசை. வாவியிலோ கிழக்குக் கரையிலோ நின்றவருக்குத்தான் உங்கள் ஊர் பொழுது படும் கரை. உங்கள் கரையின் உட்பக்கம் உன்னிச்சைக் குளக்கட்டில் நிற்பவருக்குப் பொழுது இன்னும் மேற்கே, காட்டுக்குள் படுகிறது.

உலகப் பிரதேசங்களிலும் இதே கதைதான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாஹன், 1902இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் பாரசீக வளைகுடாப் பக்கத்தை 'மத்திய கிழக்கு' என்று எழுதினார், பெயர் பரவிவிட்டது. லண்டனிலிருந்து பார்த்தால் அது கிழக்கு. நம் ஊரிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மேற்கே பறந்துபோய் மத்திய கிழக்கில் இறங்குகிறார்கள். நாமும் அப்படியே சொல்கிறோம்.

போர்க்காலத்தில் உங்கள் கரைக்கு இன்னொரு பெயர் இருந்தது: 'அன்கிளியட் ஏரியா', அதாவது இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி. 2007 வரை அந்தப் பெயர்தான். அதையும் எந்தப் பள்ளிக்கூட வரைபடத்திலும் அச்சிட்டதில்லை. ஆனால் அந்தப் பெயருக்காகவே ஒரு பை சீமெந்தையும் நாலு பற்றரியையும் சோதனைச்சாவடியில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. உங்கள் தோழி அங்கே வரிசையில் நின்றிருந்தால் கற்பனை என்று சொல்லிச் சிரித்திருக்க மாட்டாள்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் அம்மம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, படுவான்கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கீறச் சொல்லுங்கள். பிறகு தோழியின் அம்மம்மாவிடமும் கேளுங்கள். வாவிப் பக்கம் இரண்டு பேரும் ஒத்துப்போவார்கள். வடக்கே செங்கலடி, கரடியனாறுப் பக்கம் போனால் சண்டை வரும் என்று நினைக்கிறேன். இரண்டு தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.