நர்ஸிங் சேரும் மகளும் ஒரு தாயின் கேள்வியும்

வலங்கைமானிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

கும்பகோணம் நர்ஸிங் சேர்க்கை முகாமில் மஞ்சள் பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்துக் கொடுத்தீர்கள். மகளைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "சீரழிக்கப்பட்டு வரும் பிள்ளைகளையும் இவள் பார்க்க வேண்டியிருக்குமா சார்?" கூட்டத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

பார்க்க வேண்டியிருக்கும் அம்மா. அதற்காகவே அவளைச் சேர்க்கச் சொல்கிறேன்.

வயிற்றுவலி என்று பதின்மூன்று வயதுப் பெண்ணை உறவுக்காரர் ஒருவர் அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்தே வருகிறது. விவரமான நர்ஸ், "நீங்கள் போய்ச் சீட்டு பதிந்துவிட்டு வாருங்கள்" என்று அவரை வெளியே அனுப்புவார். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "வீட்டில் யாரையாவது கண்டால் பயமாக இருக்கிறதா கண்ணு?" என்பார். பிள்ளைகளிடம் அத்துமீறுகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களே. அந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் அவள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவாள்.

நம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போகிறவர் கிராம சுகாதாரச் செவிலியர். பெரியவர்கள் நடவுக்குப் போய்விட்டால் எந்த வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறது, எந்தப் பெண் திடீரென்று பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள் என்பதெல்லாம் அவர் கண்ணில் முதலில் படும். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த கொடுமை தெரிந்தால் அவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்காமல் யாரும் அவளை வார்டில் நிறுத்த மாட்டார்கள். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்ஸிங் படிப்பின் ஐந்தாம் பருவத்தில் தடயவியல் செவிலியமும் இந்தியச் சட்டங்களும் ஒரு பாடம். பாதிக்கப்பட்டவரின் துணியைத் துவைக்க விடாமல், உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கினால் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கொடுமை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது, அது தனியார் மருத்துவமனையாக இருந்தாலும்.

உங்கள் மகளின் பாதுகாப்பைப் பற்றிய பயமும் நியாயமானதே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். கல்லூரியில் சேர்க்கும்போதே அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். இரவுப் பணி முடிந்தால் விடுதிக்கு எப்படி வருவார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரி வேண்டாம். இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரத்தைப் பார்க்காமல் பணமும் கட்டாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது மகளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பாதீர்கள் அம்மா. அவளும் உட்காரட்டும். அன்று கேட்ட கேள்வியை அவள் காதுபடவே கேளுங்கள்.