மெட்ஸ் ரசிகர்களின் பிரேவ்ஸ் எரிச்சல்: பேஸ்பால் பிளேஆஃப் கேள்வி பதில்

கேள்வி: 2022-ல மெட்ஸும் 101 வெற்றி, பிரேவ்ஸும் 101 வெற்றி. டிவிஷன் பட்டம் மட்டும் ஏன் சார் அவங்களுக்கு?

நியூயார்க்கின் மெட்ஸும் அட்லாண்டாவின் பிரேவ்ஸும் ஒரே டிவிஷன், அதாவது ஒரே பிரிவு. 162 ஆட்ட சீசன் முடிவில் சமநிலை வந்தால் 163-வது ஆட்டம் வைக்கும் வழக்கத்தை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது நேருக்கு நேர் மோதியதில் யார் கை ஓங்கியது என்றுதான் பார்ப்பார்கள். 19 ஆட்டத்தில் பிரேவ்ஸ் 10, மெட்ஸ் 9. இதில் கொடுமை, கடைசி வார இறுதியில் அட்லாண்டா போகும்போது மெட்ஸ்தான் 9–7 என்று முன்னால் இருந்தது. டிகிராம், ஷெர்சர், பாசிட் என்று பந்து வீசும் மூன்று பிட்ச்சர்களையும் வரிசையாக இறக்கியும் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தால் டை-பிரேக்கர், அதாவது சமநிலையைத் தீர்க்கும் இந்தக் கணக்கு, மெட்ஸ் கையில்.

கேள்வி: மேஜிக் நம்பர் எப்படிப் போடுறது? எனக்கு ஒவ்வொரு தடவையும் தப்பா வருது.

முன்னணி அணி முதலிடத்தை உறுதி செய்ய அதன் வெற்றியும் துரத்துபவரின் தோல்வியும் சேர்ந்து இன்னும் எத்தனை வேண்டும் என்பதுதான் மேஜிக் நம்பர். 163-லிருந்து முன்னணி அணியின் வெற்றிகளைக் கழியுங்கள். பிறகு துரத்தும் அணியின் தோல்விகளைக் கழியுங்கள். 92 வெற்றி, எதிரிக்கு 66 தோல்வி என்றால் விடை 5. நம் அணியின் தோல்வியைக் கழிப்பதால்தான் பெரும்பாலும் தப்பு வருகிறது. நேரடி மோதலில் ஜெயித்தால் ஒரே நாளில் 2 குறையும். டை-பிரேக்கர் ஏற்கெனவே நம் பக்கம் என்றால் 163-க்குப் பதில் 162 போடுங்கள். 2023 முதல் ஒரே டிவிஷன் அணிகள் 13 முறைதான் மோதுகின்றன. அதனால் 7 வெற்றி வந்ததுமே அந்தக் கணக்கு முடிந்தது.

கேள்வி: நான் அரிசோனா ரசிகன். 2024 செப்டம்பர் 30-ல மெட்ஸும் பிரேவ்ஸும் ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சு எங்களை வெளியே தள்ளினாங்க. பேசி வெச்சு ஆடினதுதானே?

சந்தேகம் வருவது இயல்பு. ஹெலன் புயலால் தள்ளிப்போன இரண்டு ஆட்டங்களை ஒரே நாளில் அட்லாண்டாவில் வைத்தார்கள். மீதமிருந்த இரண்டு பிளேஆஃப் இடத்துக்கு மூன்று அணிகள் போட்டி. காலையில் இரண்டு அணிகளுமே 88 வெற்றி, 72 தோல்வி; அரிசோனா 89–73 என்று முடித்துவிட்டுக் காத்திருந்தது. யாராவது இரண்டையும் ஜெயித்திருந்தால் மற்றவர் 88-லேயே நின்றிருப்பார், அரிசோனா உள்ளே. ஆளுக்கு ஒன்று என்றானதும் மூன்று அணியும் 89. நேரடி மோதல்களில் அரிசோனா இருவரிடமும் பின்தங்கியிருந்தது, அதில்தான் அடிபட்டது.

முதல் ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் சதி என்று சொல்ல மாட்டார். 8-வது இன்னிங்ஸில் 0–3 என்று பின்னால் இருந்த மெட்ஸ் 6 ரன், உடனே பிரேவ்ஸ் 4 ரன் திருப்பி அடித்து 7–6. 9-வதில் மெட்ஸின் லிண்டோர் இரண்டு ரன் ஹோம் ரன், மெட்ஸ் 8–7. இப்படியெல்லாம் திட்டம் போட்டு ஆட முடியாது. இரண்டாவது ஆட்டத்தில் மெட்ஸ் முக்கிய ஆட்களை மிச்சம் பிடித்தது உண்மை, 3–0 தோல்வி. இடம் உறுதியான அணி வேறென்ன செய்யும்?

கேள்வி: பிரேவ்ஸ் செப்டம்பர்ல புதுசா வாங்குற ஆள் பிளேஆஃப்ல ஆடலாமா ப்ரோ?

வழக்கமாக முடியாது. ஆகஸ்ட் 31-க்குள் அந்த அணியின் அமைப்பில் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: டிவிஷன் போனால் என்ன, வைல்டு கார்டு போதாதா?

டிவிஷன் ஜெயித்தவர்களில் முதல் இரண்டு அணிகள் முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். வைல்டு கார்டாக, அதாவது டிவிஷன் ஜெயிக்காமல் உள்ளே வந்து, மூன்று ஆட்ட முதல் சுற்றில் மாட்டினால் இரண்டு மோசமான ராத்திரியில் சீசன் காலி. 2022-ல் மெட்ஸ் சொந்த மைதானத்திலேயே சான் டியகோ அணியான பாத்ரேஸிடம் 2–1 என்று தோற்றது. பிரேவ்ஸ் ஓய்வெடுத்துக்கொண்டு வந்தும் 87 வெற்றி அணியான ஃபில்லீஸிடம் 3–1 என்று விழுந்தது என்பது உங்களுக்கு ஆறுதல் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நான் டிவிஷனைத்தான் கேட்பேன்.

கேள்வி: அந்த பாத்ரேஸ் ஆட்டத்துல மஸ்க்ரோவ் காது பளபளன்னு இருந்துச்சே, ஏதோ தடவிட்டு வந்தாரா?

மஸ்க்ரோவ் பாத்ரேஸின் பிட்ச்சர். அப்போதைய மெட்ஸ் மேனேஜர் ஷோவால்ட்டர் 6-வது இன்னிங்ஸில் கேட்டதால்தான் நடுவர் போய் இரண்டு காதையும் தேய்த்துப் பார்த்தார். பிசின் மாதிரி எதுவும் சிக்கவில்லை. ஒட்டும் பொருள் விரலில் இருந்தால் பந்தின் சுழற்சி கூடும், பிடிபட்டால் வெளியேற்றமும் தடையும் உண்டு. அவர் ஏழு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட்தான் கொடுத்தார். மெட்ஸ் 6–0 தோல்வி.