வாசகர் கேள்வி: சிவப்பு அட்டைக்குப் பிறகும் ரோஹிதாஸ் ஏன்?

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய அமித் ரோஹிதாஸை அடுத்த வாய்ப்பிலேயே இந்திய ஹாக்கி அணி மீண்டும் களமிறக்கியது. கோல் அடித்தவர் பட்டியலில் அவர் பெயர் அரிதாகத்தானே காணப்படுகிறது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தற்காப்பு ஆட்டக்காரரைக் கோல் கணக்கால் எடைபோட முடியாது. ரோஹிதாஸின் அருமை தெரிய, எதிரணிக்குப் பெனால்ட்டி கார்னர் (கோலுக்கு அருகே நடந்த தவறுக்காகத் தரப்படும், கோல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளித் தொடங்கும் வாய்ப்பு) கிடைக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில், முகக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்த ஒருவர், மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டக்கூடிய டிராக் ஃபிளிக்கை (மட்டையால் பந்தை இழுத்து வீசும் அடியை) மறிக்க அதன் எதிரே பாய்ந்து ஓடுகிறார். 'ஃபர்ஸ்ட் ரஷர்' எனப்படும் அந்தப் பொறுப்பு டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ரோஹிதாஸிடமே இருந்தது. இதில் விதி விசித்திரமானது: அடிப்பவரின் ஐந்து மீட்டருக்குள் வரும் அவருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் எதிரணிக்கு இன்னொரு பெனால்ட்டி கார்னர், முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், அபாயகரமான அடி என்று இவர் அணிக்கு ஃப்ரீ ஹிட். அடி எவ்வளவு மேலே விழுகிறதோ அவ்வளவுக்கு அணிக்கு நல்லது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வாங்குகிறவருக்கு அது வேடிக்கையாக இராது.

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துச் சௌனாமரா அவருடைய ஊர். முன்னாள் இந்திய அணித்தலைவர் திலீப் திர்க்கியும் அவ்வூர்க்காரரே. வெல்லும் அணிக்கு ஆட்டுக்கிடாயைப் பரிசளிக்கும் ஹாக்கிப் போட்டிகள் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் வழக்கம். 2013-இல் இந்திய அணிக்குள் வந்த ரோஹிதாஸ், இடையில் சில ஆண்டுகள் வாய்ப்பின்றி இருந்து, 2017-இல் திரும்பினார். டோக்கியோவில் வெண்கலம், 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் என்று பதக்கங்கள் அதற்குப் பின் வந்தவை. ஹாங்சோ இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார்.

பாரிஸில் பிரிட்டனுடனான காலிறுதியின் 17-ஆவது நிமிடத்தில், அவருடைய மட்டை எதிரணி வீரரின் முகத்தில் பட்டதற்காக அவர் வெளியேற்றப்பட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில் தண்டனை மிகை. எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேராக ஆடிய இந்தியா, ஆட்டத்தை 1–1 என்ற சமநிலையில் முடித்து, வெற்றியைத் தீர்மானிக்கும் ஷூட் அவுட்டில் 4–2 என வென்றது. ஒரு போட்டித் தடையால் ஜெர்மனியுடனான அரையிறுதியில் அவர் இல்லை. 2–3 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் முதல் கோலைப் பெய்லட் அடித்தது பெனால்ட்டி கார்னரில்தான். ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று உறுதி கூறுவது நியாயமல்ல. ஆனால், வெண்கலத்துக்கான ஆட்டத்துக்கு அவர் திரும்பியபோது ஸ்பெயினுக்குப் பெனால்ட்டி கார்னர்கள் கிடைத்தும் ஒன்றுகூடக் கோலாகவில்லை. அவர்களுடைய ஒரே கோல், கோல்கீப்பர் மட்டுமே தடுக்க நிற்கும் பெனால்ட்டி ஸ்ட்ரோக்கில் வந்தது.