தோவாளை பூ விலைப் பக்கம்: 60 நொடி வைத்தும் பழைய விலையே வருகிறது

வார்னிஷில் (பக்கத்தின் நகலை வைத்திருந்து தரும் கேஷ் மென்பொருள்) டிஃபால்ட் டிடிஎல்லை (நகலின் ஆயுள், நொடியில்) 60 ஆக்கியும் பிச்சிப்பூ விலை மாறாததற்குக் காரணம், அந்த எண் உங்கள் பக்கத்துக்குப் பொருந்தவே இல்லை. பின்னால் இருக்கும் வெப் சர்வர் காலாவதி எதுவும் சொல்லாதபோதுதான் அது செல்லும். உங்கள் சர்வர் மேக்ஸ்-ஏஜ் 3600, அதாவது நகலை 3600 நொடி வைத்திருக்கலாம், என்று அனுப்புகிறது போல. அப்படியென்றால் அதுதான் எடுபடும்.

கர்ல் கட்டளையால் ஹெடரை (பக்கத்தோடு வரும் குறிப்பு வரிகள்) மட்டும் எடுத்துப் பாருங்கள். கேஷ்-கன்ட்ரோல் வரியில் அந்த 3600 இருந்து, ஏஜ் (நகல் சேர்ந்து ஆன நொடிகள்) 60-ஐத் தாண்டி 100, 200 என்று ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம்.

விலைப் பக்கத்துக்கு மட்டும் சர்வரிலேயே எஸ்-மேக்ஸ்ஏஜ் 60 (வார்னிஷ் போன்ற பொதுக் கேஷுக்கு), மேக்ஸ்-ஏஜ் 0 (பிரவுசருக்கு) என்று மாற்றுங்கள். விசிஎல்லில் (வார்னிஷின் அமைப்பு மொழி) மட்டும் டிடிஎல்லைக் குறைத்தால் பார்ப்பவரின் பிரவுசர் பழைய 3600-ஐயே பிடித்துக்கொள்ளும். காலையிலேயே விலை ஏறி இறங்கும் சந்தைக்கு அது ஆகாது.

அப்புறம், ஏற்கெனவே சேர்ந்த நகல் பழைய ஆயுளோடுதான் இருக்கும். அதை ஒருமுறை கேஷிலிருந்து நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.